25 ஆண்டுப் பாட்டுக்கு ஒரு நல்ல அரங்கு வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் அலுவலகச் சேர்ந்திசைக் குழுவுக்கு இந்த ஆண்டு 25 வயது நிறைகிறது. வேலை முடிந்த ஒரு மாலையில் கூட்ட அறை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு 11 பேர் பாடத் தொடங்கிய குழு இது. இன்று 38 பேர் பாடுகிறோம். கணக்குப் பிரிவு, கிடங்கு, காவல் பணி, நிர்வாகம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். முறையாக இசை படித்தவர்கள் நால்வர்தான். மற்றவர்கள் ஸ்வரத்தாள் படிக்கக் கற்றதே இங்கேதான். வெள்ளி விழாவை ஒரு முழு மாலை இசை நிகழ்ச்சியாக நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். அதற்கு உங்கள் உதவியைக் கேட்டே இந்த மடல்.

செலவில் பெரும்பகுதி அரங்க வாடகை. நம் கூட்ட அறையிலேயே நடத்தினால் என்ன என்று சிலர் அக்கறையோடு கேட்டார்கள். அங்குள்ள தரைவிரிப்பும் பொய்க்கூரையும் ஒலியை உறிஞ்சிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்க அது நல்லது, பாட்டுக்கு ஆகாது. பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழாவிட்டால் ஒவ்வொருவரும் தம்மை அறியாமல் உரக்கப் பாடுவார்கள். தொண்டை களைத்துச் சுருதி இறங்கும். பாடி நிறுத்திய பிறகும் ஒலி ஒன்றரை, இரண்டு விநாடி அரங்கில் தங்கினால்தான் சொப்ரானோ, ஆல்டோ என்ற உயர்ந்த, தாழ்ந்த பெண்குரல்களும் டெனர், பேஸ் என்ற உயர்ந்த, தாழ்ந்த ஆண்குரல்களுமான நான்கு வரிசையும் ஒன்றோடொன்று கலக்கும். மைக் வைத்துச் சரிக்கட்டலாம்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளாக எங்களை மைக் வழியாகவே கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு மாலையாவது அது இல்லாமல் நீங்கள் கேட்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

அடுத்தது பியானோ. வாடகைக்கு எடுத்தால் மட்டும் போதாது. 200க்கும் மேற்பட்ட கம்பிகளை இழுத்துக் கட்டிய கருவி அது. இடம் மாறினாலும் காற்றின் ஈரம் மாறினாலும் சுருதி விலகும். மேடைக்கு வந்து சேர்ந்த பின், நிகழ்ச்சியன்றே சுருதி சேர்ப்பவர் ஒருவர் அதன் நடு ‘ஏ’ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 440 அதிர்வில், வைத்து மற்றவற்றையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். 20ஆம் ஆண்டு விழாவில் இந்தச் செலவை மிச்சம்பிடித்தோம். இரண்டாம் பாதி முழுவதும் கருவியோடு ஒட்டாமல் பாடிய வருத்தம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

பின்வரிசையினர் ஏறி நிற்கப் படிமேடை, பியானோ வாசிப்பவருக்கு ஊதியம் என்று மற்றவையும் உண்டு. ஸ்வரத்தாளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றை வாங்கி 38 நகல் எடுப்பது எளிது. ஆனால் அது இசையமைத்தவருக்குச் சேர வேண்டியதைப் பறிப்பது. ஆளுக்கொரு பிரதி வாங்குகிறோம்.

நீண்ட ஸ்வரம் வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். அதனால் ஒருவர் மூச்சு எடுக்கையில் பக்கத்திலிருப்பவர் ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொள்வார். மற்ற இடங்களில் எல்லோருக்கும் ஒரே மூச்சு. 2013இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடுவோரின் இதயத்துடிப்பு அந்த மூச்சுக்கு ஏற்ப ஒன்றுபோல ஏறி இறங்குவதைப் பதிவுசெய்தார்கள். காலைக் கூட்டத்தில் கடுமையாக மாறுபட்ட இருவர் மாலையில் அருகருகே நின்று மூச்சைப் பங்கிட்டுக்கொள்வதை நாங்கள் பல முறை பார்த்திருக்கிறோம். இந்தக் குழு நிலைக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பாடகர்கள் தங்கள் ஒரு நாள் ஊதியத்தைத் தந்து தொடங்கிவைத்திருக்கிறார்கள். உங்களால் இயன்றதை, எவ்வளவு சிறிய தொகையானாலும், இந்த மாதச் சம்பள நாளை ஒட்டித் தந்தால் அரங்குக்கு முன்பணம் கட்டிவிடலாம். பொருளாளர் உடனே ரசீது தருவார். வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மிச்சமானால் அது புதியவர்களின் ஸ்வரத்தாளுக்கு. நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; குடும்பத்தோடு வாருங்கள்.

ஓய்வு பெற்ற எங்கள் பழைய பாடகர்களே, பணம் தர இயலாவிட்டாலும் ஒத்திகைக்கு வந்துவிடுங்கள். நிறைவுப் பாட்டு உங்களோடு சேர்ந்துதான். டெனர் வரிசையில் எப்போதும்போல ஆள் குறைவு. மூச்சு எடுக்கும் இடங்களில் நீங்கள் பென்சிலால் போட்ட குறிகளோடு உங்கள் பிரதிகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

அன்புடன்,
வெள்ளி விழாக் குழு