மீக்கடத்தி ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதழாசிரியர்களுக்கும், கட்டுரைகளை மதிப்பிடும் அறிஞர்களுக்கும் வணக்கம்.

டிரைபீனைல் பிஸ்மத் பற்றித்தான் இந்த மடல். ஒரு பிஸ்மத் அணு, அதோடு மூன்று பென்சீன் வளையங்கள். எளிமையான கரிம உலோகச் சேர்மம். இதோடு பொட்டாசியத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், பிறகு 3.5 கெல்வினிலும் 7.2 கெல்வினிலும், அதாவது கடுங்குளிரில், மீக்கடத்தல் (மின்தடை அறவே இல்லாமல் போய், காந்தப்புலத்தையும் வெளியே தள்ளும் நிலை) தெரிகிறது என்று சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். சரி, நல்ல செய்திதான். ஆனால் ஒரு பொட்டாசியத்துக்கு இரண்டு பிஸ்மத் என்ற விகிதத்தில் சேரும் உலோகச் சேர்மமும் சுமார் 3.6 கெல்வினில் மீக்கடத்தி ஆகிறதே! சூட்டில் வளையங்கள் கழன்று பிஸ்மத் தனியே பிரிந்தால், அந்தச் சேர்மம் ஆங்காங்கே துகளாக உருவாக இடமுண்டு. அப்படியானால் கருவியில் தெரிந்த காந்தச் சைகை எந்தச் சேர்மத்துடையது?

அந்தப் பொட்டாசியம்-பிஸ்மத் சேர்மம் முதல் வகை மீக்கடத்தி (காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டியதும் மீக்கடத்தலைச் சட்டென்று இழப்பது), ஆய்வாளர்களின் மாதிரியோ இரண்டாம் வகை (புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவது) என்று பதில் வரலாம். அது போதாது. மாசும் குறைபாடும் நிறைந்த துகளில் முதல் வகையே இரண்டாம் வகைபோல நடந்துகொள்ளும்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2010இல் ஜப்பானின் ஒகாயாமா பல்கலைக்கழகக் குழு, பொட்டாசியம் சேர்த்த பிசீனில் (ஐந்து பென்சீன் வளையங்கள் ஒட்டிய கரிமச் சேர்மம்) 18 கெல்வின் வரை மீக்கடத்தலை அறிவித்தது. மாதிரியில் சிறு பங்குதான் காந்தப்புலத்தை வெளியே தள்ளியது. அப்படியொரு மீக்கடத்தும் நிலை உண்மையில் உருவாகிறதா என்று 2015இல் ஜப்பானிலிருந்தே கேள்வி எழுந்தது. 1991இல் பொட்டாசியம் சேர்த்த ஃபுல்லரீன் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) மீக்கடத்தியாக வந்தபோது கதை வேறு: படிக அமைப்பு விரைவிலேயே தெளிவானது, மற்ற ஆய்வகங்களும் செய்து பார்த்து உறுதிசெய்தன.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. நூற்றில் ஒரு பங்கு மீக்கடத்தினால், மீதி தொண்ணூற்றொன்பதுக்கு அது சாட்சி ஆகாது. 2023இல், அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தும் என்று சொல்லப்பட்ட எல்கே-99 என்ற பொருளில் மின்தடை சட்டென்று விழுந்ததற்கும் கடைசியில் காரணம், உள்ளே கலந்திருந்த செம்பு சல்பைடுதான்.

பொட்டாசியம் காற்றுப் பட்டாலே கெடும் என்பதால் இந்தத் தூள்களில் மின்தடை அளப்பது பெரும்பாடு. அது எனக்கும் தெரியும். அதனால் மின்தடை சுழியானதைக் காட்டியே தீர வேண்டும் என்று கேட்கவில்லை. காட்ட முடியாதபோது தலைப்பில் 'மீக்கடத்தல்' என்று போடாமல் 'காந்தச் சைகை' என்று போடச் சொல்லுங்கள். எத்தனை கெல்வின் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, மாதிரியில் எத்தனை விழுக்காடு மீக்கடத்துகிறது என்ற எண்ணும் வரட்டும். அப்புறம், வெறும் பிஸ்மத் தூளோடு பொட்டாசியத்தை அதே சூட்டில், அதே நேரம் வைத்து அளந்த வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகன்