ராடு ஒட்டுகிறது என்று கோபப்படும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ வெல்டிங் பழகி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நடு ராத்திரியில் அனுப்பிய குரல் செய்தியையும் கேட்டேன். "இது என் கைக்கு வராதும்மா, மெஷினை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்" என்கிறாய். கொடுப்பதானால் கொடு, உன் மெஷின். ஆனால் பட்டறையில் வெல்டிங் ஹோல்டர் பிடித்துச் சம்பாதித்து உன்னைப் படிக்கவைத்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் படத்தில் எர்த் கிளாம்ப், அதான் கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போகிற கவ்வி, பெயின்ட் மேல் கடித்துக்கொண்டிருக்கிறது. மெஷினில் 55 ஆம்பியர் தெரிகிறது, உருகி வெல்டாகிற பூச்சுக் கம்பியான ராடோ 2.5 மில்லிமீட்டர். இந்த இரண்டும் சேர்ந்தால் நாற்பது வருட அனுபவசாலிக்கும் ராடு ஒட்டத்தான் செய்யும். ராடின் நுனி இரும்பைத் தொட்டதும் நேரடி ஷார்ட் ஆகிறது. அங்கே உருகி, ஆர்க் என்கிற மின்சுடர் பிடிக்கிற அளவுக்குச் சூடு கிடைக்கவில்லை என்றால் நுனி அப்படியே இரும்போடு பற்றிக்கொள்ளும். உன் கை நடுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கிளாம்ப் பிடிக்கிற இடத்தை கிரைண்டரால் பளபளவென்று தேய். வெல்டு வைக்கிற இடத்தையும் அப்படியே. கரண்டை 70இல் வைத்து ஆரம்பி, ஐந்து ஐந்தாக ஏற்றிப் பார். 2.5 ராடு பெரும்பாலும் 60க்கும் 90க்கும் நடுவில் ஓடும். ராடு டப்பாவிலேயே அச்சடித்திருப்பான், அதையும் படி. மெஷினின் டிஸ்ப்ளே காட்டும் எண்ணை முழுதாக நம்பாதே. சின்ன மெஷின்கள் கொஞ்சம் கூட்டியே காட்டுவதுண்டு.

ஆர்க் பிடிக்கத் தீக்குச்சி உரசுவதுபோல் உரசு, குத்தாதே. பிடித்ததும் லேசாகத் தூக்கு. எவ்வளவு என்றால், ராடின் உள்ளே இருக்கும் கம்பியின் கனம், அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் வெடுக்கென்று முறி. வரவில்லையா, ஹோல்டரை அழுத்தி ராடை விட்டுவிடு. மாடு இழுப்பதுபோல் இழுத்தால் ராடு செக்கச்செவேலென்று காய்ந்து மேல்பூச்சு உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்த ராடைத் தூக்கிப் போடு, அதில் மிச்சம் பிடிக்காதே. பாதி ஓடி அணைந்த ராடு மறுபடி பிடிக்காததற்குக் காரணம் வேறு: பூச்சு உருகி உறைந்த கசடு நுனியை மூடியிருக்கும். பழைய இரும்புத்துண்டில் நுனியை இரண்டு தட்டு தட்டு, கம்பி வெளியே தெரியும்.

உன் நண்பர் 7018 என்கிற வகை ராடை வாங்கச் சொன்னார் என்றாய், பலம் அதிகமாம். எண்ணைப் பார்த்து அவர் சொல்வது சரிதான். முதல் இரண்டு இலக்கம் 70 என்றால் வெல்டு உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும், 60 என்றால் 60,000. ஆனால் நீ செய்வது புத்தக ஸ்டாண்ட். சாதாரண 6013 ராடு போட்டாலே உன் புத்தகங்களைப்போல் பல மடங்கு தாங்கும். 7018 ஈரத்தைத் தாங்காது, பட்டறையில் அதைச் சூடான ஓவனில் வைத்திருப்போம். அணைந்தால் திரும்பப் பிடிப்பதும் கஷ்டம். கற்றுக்கொள்கிறவன் கையில் அது வேண்டாம். 6013 சாதுவான ராடு.

சாதுவான ராடையும் குளியலறைச் சுவரோரம் சாய்த்து வைக்காதே. அந்தப் பூச்சை லேசாக நினைக்கிறாய். அதுதான் எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கிறது. கசடாகி மேலே மூடுகிறது. ஆர்க் அணையாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆரம்ப காலத்தில் வெறும் கம்பியைத்தான் உருக்கினார்கள், வெல்டு நொறுங்கிப்போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்கர் ஷெல்பெர்க் என்ற ஸ்வீடன்காரர், கப்பல் கொதிகலன்களை ஒழுங்காகப் பழுது பார்க்க வேண்டும் என்றுதான் கம்பிக்குப் பூச்சு கொடுத்தார். நம் பிழைப்பே அந்தப் பூச்சினால் வந்தது என்று பட்டறையில் நான் சொல்வேன். யாரும் காதில் வாங்கியதில்லை.

இப்போது உன் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். உன் வெல்டு வரிகளைப் பார்த்தால், நீ ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வெல்டு வைக்கிறாய் என்று தெரிகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள், கண் தானாக அங்கே போகும். வெளிச்சத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் உருகி நிற்கும் இரும்பைப் பார். கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு சின்னக் குட்டை தெரியும். அதன் மேல் கசடு தனியாக ஊர்ந்துகொண்டு வரும். எது இரும்பு, எது கசடு என்று பிரித்துப் பார்க்கக் கண் பழகிய நாளில் உன் புலம்பலில் பாதி நின்றுவிடும். குட்டை ராடைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு அகலமானால் நகர வேண்டியதுதான். கசடு முந்திக்கொண்டு ஆர்க்குக்கு முன்னால் ஓடினால் உள்ளே மாட்டிக்கொள்ளும். ராடைப் போகும் திசைப் பக்கம் ஒரு பத்து, பதினைந்து டிகிரி சாய்த்து, இழுத்துக்கொண்டு போ.

குட்டையே தெரியவில்லை என்கிறாயா? உன் மூக்குக் கண்ணாடியை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்கிறாயா, முதலில் அதைச் சொல். வெளிக் கண்ணாடியில் பொறி தெறித்துப் புள்ளி புள்ளியாக இருந்தால் மாற்று. ஹெல்மெட் கண்ணாடியின் இருட்டு அளவை, அதான் ஷேடை, 10இல் வை, ரொம்ப இருட்டாக இருந்தால் 9. வேலை செய்யும் இடத்தில் பளிச்சென்று ஒரு விளக்கு போடு. தலையைப் புகைக்கு நேர் மேலே கொண்டுபோகாமல் ஒரு பக்கமாக வை, பார்வைக்கும் நல்லது, நெஞ்சுக்கும் நல்லது. இடது கையை மேசையில் ஊன்றி வலது மணிக்கட்டைத் தாங்கு. அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு நேர்கோடு போட யாராலும் முடியாது.

இன்னொன்று, யாரும் சரியாகச் சொல்லித்தராதது. ராடு எரிய எரிய அதன் நீளம் குறைகிறது. அதனால் கை நகரும்போதே கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீ பக்கவாட்டில் மட்டும் நகர்கிறாய். உன் வரி தொடக்கத்தில் ஒழுங்காக இருந்து, போகப்போக அகலமாகி, சுற்றிலும் பொறித்துளி தெறித்துக் கிடப்பது அதனால்தான். ஆர்க் நீண்டால் வோல்டேஜ் ஏறும், சூடு பரவும், காற்று உள்ளே புகும், வெல்டில் துளை விழும். காதையும் பயன்படுத்து. ஆர்க் சரியான நெருக்கத்தில் இருந்தால் சத்தம் ஒரே சீராக வரும், நீண்டால் பொருமும். உன் வரியில் அலைகள் கூர்மையாக வி வடிவில் இருக்கும் இடம் வேகமாக ஓடிய இடம். முதுகு கூனிக்கொண்டு மேலே குவிந்திருப்பது கரண்ட் போதாத இடம்.

ஓட்டை விழுந்த குழாய் பற்றி. ஒன்றரை மில்லிமீட்டர் சதுரக் குழாயில் ஆரம்பித்தது உன் அவசரம். சின்ன வயதில் நடை பழகும்போதே ஓடிப் பார்த்தவன்தானே நீ. முதலில் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தட்டைப் பட்டையில் வரி வரியாகப் போட்டுப் பழகு. அது தாங்கும். கை பழகிய பின் குழாய்க்கு வா. 2 மில்லி ராடு, குறைந்த கரண்ட், ராடை நெகட்டிவில் மாட்டு. தொடர்ந்து ஓட்டாமல் சின்னச் சின்ன டேக்காக, அதான் புள்ளி வெல்டாக அடித்து, நடுவில் ஆறவிடு. சட்டத்தின் நான்கு மூலைக்கும் டேக் அடித்து மட்டம் பார்த்த பிறகுதான் முழு வெல்டு. ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும், உன் ஸ்டாண்ட் கோணிக்கொண்டது அந்த இழுப்பில்தான்.

கசடைத் தட்டும்போதும் கண்ணில் கண்ணாடி இருக்கட்டும், சூடான துண்டு பறக்கும். நைலான் சட்டை போடாதே, பருத்திதான். வியர்வையில் நனைந்த கையுறையோடு ஹோல்டரைத் தொடாதே. துத்தநாகப் பூச்சு உள்ள குழாயை அப்படியே வெல்டு வைத்தால் அந்தப் புகையில் சில மணி நேரத்தில் காய்ச்சல் வந்து உடம்பு நடுங்கும். பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வை. பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கவே கூடாது, சிலவற்றில் குளோரின் உண்டு, ஆர்க்கில் அது விஷ வாயுவாக மாறும். மூடிய டின், டிரம் எதிலும் வெல்டு வைக்காதே. பேத்தியை அந்தப் பக்கமே விடாதே. நேராகப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணைக் கெடுக்க வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும். வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இரு, எங்கேயாவது பொறி கனன்றுகொண்டிருக்கும்.

அடுத்த முறை எனக்கு அழகான வரியின் படம் வேண்டாம். இரண்டு பட்டையை டி வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு வை. ஆறியதும் வைஸில் கவ்வி, நிற்கும் பட்டையை வெல்டு பக்கமாகச் சுத்தியலால் அடித்துச் சாய். உடைந்தால் உடைந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. துளை, கசடு, ஒட்டாத இடம் எல்லாம் அதில் தெரியும். உடையாமல் மடங்கினால் அதையும் அனுப்பு, அப்பாவிடம் காட்டுகிறேன். உன்னால் முடியாது என்று அவர் இங்கே பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடைசிப் படத்தின் மூலையில் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று சுருளாகக் கிடப்பதைப் பார்த்தேன். விளக்குக்குப் போடுகிற மெல்லிய வயர் மாதிரி இருக்கிறது. அதில் வோல்டேஜ் இறங்கிவிட்டால் நீ எவ்வளவு கரண்ட் ஏற்றினாலும் ராடு ஒட்டும், சுருளாக இருந்தால் வயரும் சூடாகும். வயர் மேல் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்து, நாளைக்கே எனக்குச் சொல். அதுவரை மெஷினை ஆன் செய்யாதே.

அன்புடன்,
அம்மா