டார்ச் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கேம்களைப் பற்றிய உங்கள் தொடரில் சென்ற இதழில், இருட்டில் பிசாசுகளைச் சுடுகிற டூம் 3 வந்திருந்தது. 2004-இல் வந்த கேமை இன்னும் ஞாபகம் வைத்து எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் குறை கண்டுபிடித்த இடம்தான் தப்பு. கையில் டார்ச் இருந்தால் துப்பாக்கி கிடையாது, துப்பாக்கியை எடுத்தால் டார்ச் உள்ளே போய்விடும், இதுதான் கேமின் பெரிய ஓட்டை என்கிறார். 2012-இல் மறுபதிப்பாக வந்த பிஎஃப்ஜி எடிஷனில் டார்ச்சைக் கவசத்திலேயே மாட்டிவிட்டார்கள், அதனால் அதையே வாங்கி ஆடுங்கள் என்றும் யோசனை சொல்கிறார். அதை ஆடி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதி கேம்தான்.

கரண்ட் போன ராத்திரியில் ஃபியூஸ் போட்டவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஃபியூஸ் கட்டை, கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு "டார்ச்சைப் பிடிடா" என்று கத்த வேண்டியிருக்கும். டூம் 3-இல் கூப்பிட ஒரு தம்பி இல்லை, அவ்வளவுதான். 2145-இல் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம், ஆட்கள் பாதிப் பேர் செத்துப் பிசாசாகிவிட்டார்கள், வழியில் விளக்கு இல்லை. டார்ச்சை அடித்து மூலையைப் பார்க்கிறோம், அங்கே இம்ப் என்கிற பிசாசு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, பார்த்த நொடியே துப்பாக்கிக்கு மாற வேண்டும், மாறினால் மறுபடி இருட்டு. அது இருந்த இடத்தை நினைவில் வைத்துச் சுட வேண்டியதுதான். அப்புறம் அதுவே வீசுகிற தீப்பந்து வரும்போது அந்த வெளிச்சத்தில் சுவரும் குழாயும் அதன் நிழலும் ஒரு நொடி தெரியும் பாருங்கள், அதை இந்தக் கேமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர்காரர்கள் எத்தனை யோசித்துச் செய்திருக்க வேண்டும்! அதுவரை பெரும்பாலான கேம்களில் நிழலை முன்கூட்டியே சுவரில் பூசி வைத்திருப்பார்கள். அவர்களின் புரோகிராமர் ஜான் கார்மாக் எழுதிய எஞ்சின், அதாவது காட்சியை வரைந்து காட்டும் மென்பொருள், ஒவ்வொரு விளக்குக்கும் நிழலை அந்தந்தக் கணத்திலேயே போட்டது, விளக்கு ஆடினால் நிழலும் ஆடும். அத்தனை உழைப்பும் டார்ச்சைக் கீழே வைத்தால்தான் கண்ணில் படும்.

2145-இல் துப்பாக்கியில் டார்ச்சை ஒட்ட ஒரு டேப் கூடவா கிடைக்கவில்லை என்று அப்போதே கிண்டல் செய்தார்கள், ரசிகர் ஒருவர் 'டக்ட் டேப்' என்ற பெயரிலேயே ஒரு மாட், அதாவது கேமை மாற்றும் ஒட்டு மென்பொருள், செய்து மெஷின்கன்னிலும் ஷாட்கன்னிலும் டார்ச்சை ஒட்டியும் விட்டார். லாஜிக் பார்த்தால் அவர் சொன்னது சரி. செஸ்ஸில் குதிரை ஏன் கோணலாகப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சரி, குறையே இல்லையா என்றால், இருக்கிறது, கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. பேய்கள் வரும் விதம். ஒரு மூலையில் கவசத் துண்டு கிடக்கும், எடுக்கப் போவோம், எடுத்ததும் முதுகுக்குப் பின்னால் சுவர்ப் பலகை திறந்து ஒன்று வெளியே வரும். முதல் தடவை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பத்தாவது தடவை கவசத் துண்டைப் பார்த்ததுமே திரும்பி நின்று பின்னாலேயே நடந்து போய் எடுத்தேன், சுவர் திறந்தது, உள்ளே இருந்ததைச் சுட்டேன், கொட்டாவி விட்டேன். இந்த நிலையத்தைக் கட்டிய எஞ்சினியர் சுவருக்குச் சுவர் எதற்கு ஆள் நிற்கிற அளவுக்கு அலமாரி வைத்தார்? மேலே சொன்ன பயத்தை எல்லாம் இந்த அலமாரிகள்தான் கெடுக்கின்றன, அதுவும் கேம் நீளம் வேறு, டெல்டா லேப்ஸ் என்ற பிந்தைய கட்டம் வரும்போது 'எப்போது முடியும்' என்றாகிவிட்டது.

ஷாட்கன்னும் அப்படித்தான். முகத்துக்கு நேரே வைத்தால் இம்ப் ஒரே வெடியில் காலி, பத்தடி தள்ளி நின்றால் குண்டுகள் எங்கெங்கோ சிதறி, கடலையை விட்டெறிந்த மாதிரி இருக்கும். இதில் எட்டு தோட்டாதான் நிற்கும், தீர்ந்தால் இருட்டிலேயே நின்று மறுபடி போட வேண்டும்.

சின்னச் சின்னதாக ரசிக்கவும் நிறைய உண்டு. சுவரில் இருக்கும் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் போனால் துப்பாக்கிக் குறி தானாகவே மவுஸ் அம்பாக மாறும், தனியாக ஒரு பட்டனைத் தேடாமல், சுடுகிற அதே கிளிக்கில் லிஃப்டை அங்கேயே இயக்கலாம். செத்தவர்களின் பிடிஏ என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஈமெயில்களைப் படித்தால்தான் சில பெட்டிகளைத் திறக்கும் எண் கிடைக்கும். அதில் ஒன்று வெறும் விளம்பர மெயில். அதிலிருக்கும் முகவரியை நிஜ இன்டர்நெட்டில் திறந்தால் 0508 என்ற எண் அங்கே இருந்தது. அதற்காகவே மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் அரை மணி நேரக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டுரையைப் படித்து யாராவது புதிதாக ஆடப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒன்று: 2019-இல் கன்சோல்களுக்கு வந்ததும் பிஎஃப்ஜி எடிஷனை ஒட்டியதுதான், கவச டார்ச்தான். கம்ப்யூட்டர் இருந்தால் 2004-இன் கேமையே தேடி எடுங்கள். ஆல்ஃபா லேப்ஸ் என்ற கட்டத்தில் ஒரு விஞ்ஞானி கையில் விளக்கோடு வந்து, "என் பின்னாலேயே வா" என்கிற மாதிரி இருட்டுக்குள் கூட்டிப் போவார். அவர் வெளிச்சம் பிடிக்க, நாம் துப்பாக்கியோடு அந்த வட்டத்தை விட்டு விலகாமல் நடப்போம், அவர் கொஞ்சம் வேகமாக எட்டு வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். புது எடிஷனில் அதே மனிதர் அதே விளக்கோடு அதே வழியில்தான் போகிறார், நான் என் கவச டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவரை முந்திப் போய்விட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்