மின்சாரம் வந்த பிறகும் மீன்கள் சாவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக எந்தெந்தப் பகுதிகளில் காலை 9 மணி முதல் மின் விநியோகம் நிறுத்தப்படும் என்று நாளிதழில் வரும் அறிவிப்பை, வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் என் போன்றவர்கள் தவறாமல் தேடிப் படிக்கிறோம். கிருஷ்ணகிரி நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கண்ணாடித் தொட்டியில் கோல்டு பிஷ், கப்பி, ஏஞ்சல் போன்ற மீன்களை வளர்க்கும் குடும்பங்கள் இன்று ஏராளம். ஆனால், மின்சாரம் நின்றுபோனால் அந்த உயிர்களை எப்படிக் காப்பது என்பதைத் தொட்டி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. ‘மீன்தானே, செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்’ என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

சித்திரை, வைகாசியில் மாந்தோப்புகளில் காய்களை உதிர்த்துவிட்டுப் போகும் சூறைக்காற்று, மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டி ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட நேரங்களில் மின் ஊழியர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கம்பம் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மின்தடையில் சாகும் வீட்டு மீன்களில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஏர் மோட்டாரிலிருந்து வரும் குமிழ்களே ஆக்சிஜனை நீரில் கரைக்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். குமிழ்கள் செய்யும் பெரிய உதவி, அடியில் உள்ள நீரை மேலே கொண்டுவந்து நீர்ப்பரப்பைக் கலக்கிவிடுவதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பெரும்பாலும் அந்தப் பரப்பின் வழியாகவே நீருக்குள் இறங்குகிறது. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். அதே வேளையில், நீர் சூடேறச் சூடேற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். கோடை மின்தடை ஆபத்தாவது இதனால்தான்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் 55 லிட்டர் அளவுக்கே நீர் பிடிக்கும். அதில் பத்துப் பதினைந்து கப்பிகள் மட்டும் இருந்தால் மின்சாரம் இல்லாமலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். உள்ளங்கை அளவுள்ள கோல்டு பிஷ் நாலைந்தை அதில் அடைத்து வைத்திருந்தால், சிறிது நேரத்திலேயே அவை மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் குறையும்போது பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் தளர்கின்றன என்பதால், தொட்டியில் அவற்றைத்தான் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஏரிகளில் உள்ள விராலையும் பனையேறிக் கெண்டையையும் போலக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு, தொட்டிகளில் வளர்க்கப்படும் ஃபைட்டர் மீனுக்கும் கௌராமி மீனுக்கும் உண்டு. ஆகவே ஆக்சிஜனைப் பொறுத்தவரை அவற்றைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானதும், பலர் அறியாததும் பில்டரில் நடப்பதாகும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரின் ஸ்பாஞ்சில்தான் பெருமளவில் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் நின்ற சில மணி நேரத்தில், குறிப்பாகத் தொட்டிக்கு வெளியே மூடிய நிலையில் இருக்கும் கேனிஸ்டர் பில்டருக்குள், தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் அவை மடியத் தொடங்குகின்றன.

இதனால் நேர்ந்த இழப்பைக் கடந்த கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நேரில் கண்டேன். மாலைக் காற்றில் போன மின்சாரம் மறுநாள் காலையில்தான் வந்தது. அந்த வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் இரவெல்லாம் முறைவைத்துச் சொம்பால் நீரை மொண்டு ஊற்றி, ஒரு மீனைக்கூடச் சாகவிடாமல் காத்திருந்தார்கள். மின்சாரம் வந்ததும் பில்டரைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். பகலில் என்னை அழைத்தபோது தொட்டி நீர் கலங்கியிருந்தது. மீன்கள் ஒருக்களித்துக் கிடந்தன. பில்டரைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது விரலிடுக்கில் கறுப்பாக வழிந்தது. இரவெல்லாம் தேங்கிக் கெட்டுப்போன அந்த நீர், மோட்டார் ஓடத் தொடங்கியதுமே தொட்டிக்குள் பாய்ந்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியவர்களுக்கு இந்த ஒரு செய்தியை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம்தான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

ஆகவே, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தால், அது திரும்பி வந்ததும் கேனிஸ்டர் பில்டரை அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே தேங்கிய நீரைக் கீழே கொட்டிவிட்டு, தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து அதில் ஸ்பாஞ்சை மெதுவாக அலசி, திரும்பப் பொருத்திய பிறகே இயக்க வேண்டும். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள குளோரின், எஞ்சிய பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். மின்தடை நீளும் என்று தெரிந்தால், ஸ்பாஞ்சை முன்கூட்டியே வெளியே எடுத்துத் தொட்டி நீரில் மிதக்கவிடுவது இன்னும் நல்லது. ஒருமுறை மடிந்த பாக்டீரியாக்கள் மீண்டும் பெருகச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், அதுவரை தீனியைப் பாதியாகக் குறைத்து, அவ்வப்போது கால் பங்கு நீரை மாற்றிவர வேண்டும். காரத்தன்மை மிகுந்த நீரில் அமோனியாவின் நச்சு அதிகம். நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் அத்தகையது என்பதால், இதில் கூடுதல் கவனம் தேவை.

மின்தடை நேரத்தில் கையால் செய்யக்கூடியவை எளியவை. தொட்டியின் மூடியைத் திறந்துவிட வேண்டும். தீனி போடவே கூடாது. நன்றாக வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் போட்ட தீனி செரிக்கவும் அழுகவும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு சொம்பில் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து, மீன்கள் மிரளாதபடி ஓரமாக ஊற்ற வேண்டும். சில நிமிடம் ஊற்றி, சிறிது இடைவெளி விட்டு, மீண்டும் ஊற்றினால் போதும். செடிகள் நிறைந்த தொட்டியில் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், இரவு மின்தடையில் அத்தகைய தொட்டிகளை அடிக்கடி பார்க்க வேண்டும். மார்கழிக் குளிரில் ஹீட்டர் நின்றுபோனால், மேற்பரப்பை மூடாமல் கண்ணாடியைச் சுற்றிப் போர்வையைக் கட்டினால் நீரின் சூடு விரைவில் இறங்காது.

பதற்றத்தில் புதுநீரைக் கொட்டுவதுதான் நான் அதிகம் காணும் ஆபத்து. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குளோரின் கலந்து வருவது. மனிதருக்கு நன்மை செய்யும் அந்தக் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். ஒருநாள் வாளியில் திறந்து வைத்த நீரையோ, ஆன்டி குளோரின் சேர்த்த நீரையோதான் ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேரே வரும் நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால், அதையும் வாளிக்கு வாளி நன்றாக ஆற்றிய பிறகே சேர்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஏர் மோட்டாரை அந்த இணைப்பில் மாற்றிக்கொண்டாலே பெரும் கவலை தீரும். மின்விசிறி ஒன்று 70 வாட் வரை எடுக்கையில், சிறிய ஏர் மோட்டாருக்கு 3 முதல் 5 வாட் போதும். ஹீட்டரை மட்டும் அதில் இணைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் செல்போன் பவர்பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஏர் மோட்டாரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். 10,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பவர்பேங்க், 1 வாட் மோட்டாரை ஏறத்தாழ 20 மணி நேரம் ஓட்டும். சில பவர்பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரத்தை உணராமல் தாமாகவே நின்றுவிடும் என்பதால், ஒரு பகல் ஓட்டிப் பார்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த மோட்டாரோடு சாதாரண ஸ்பாஞ்ச் பில்டரை இணைத்துவிட்டால், மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்தே ஆக்சிஜன் கிடைத்துவிடும். இதைவிடச் சிக்கனமான, நம்பகமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. மோட்டாரைத் தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழேதான் இடம் என்றால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்த வேண்டும். இல்லையேல் மோட்டார் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே இறங்கி மோட்டாருக்குள் புகுந்துவிடும்.

நகரின் கடைகளிலும் கிளினிக்குகளிலும் அழகுக்காக வைக்கப்பட்டிருக்கும் தொட்டிகளின் நிலை இன்னும் பரிதாபமானது. இரவு கடையைச் சாத்தும்போது பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த மீன்களுக்கு ஒவ்வோர் இரவும் மின்தடைதான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையானால் ஒன்றரை நாள். தொட்டிக்கு மட்டும் தனி இணைப்புக் கொடுத்து அதை அணைக்காமல் விட்டுச் செல்லுமாறு அவற்றின் உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வண்ண மீன் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெளியூரிலிருந்து மீன்களை ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் வாங்கி வருபவர்கள் நீங்கள். உங்கள் கடையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால், புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் பெரிய மீன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அதே முறையில் பை கட்டிக் கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனுமாகக் கட்டிய பையில், முந்தைய நாள் தீனி போடாத மீன் ஒருநாள் வரை பத்திரமாக இருக்கும்.

திலேப்பியா வளர்ப்பில் விவசாயிகளுக்கு வழிகாட்டும் பாரூரிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையம், வீட்டில் மீன் வளர்ப்போருக்கும் கோடை தொடங்கும் முன் ஓர் அரைநாள் பயிற்சி நடத்தினால் பலர் பயனடைவர். தங்கள் நாளிதழும் மின்தடை அறிவிப்பை முந்தைய நாளே, ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், பகுதிப் பெயர்களை விடாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.