தூக்கிவாரிப் போட்ட அந்த டிரம்ஸ் எங்கே?

பழைய ராக், பாப் பாடல்களின் மாஸ்டர் டேப்புகளை, அதாவது மூலப் பதிவு நாடாக்களைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனத்தாருக்கும், அந்தப் பாடல்களை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருபது வருடமாகக் கேட்டுவரும் ஒரு பாட்டைப் போட்டேன். எழுபதுகளில் வந்தது. பாதிப் பாட்டில் எல்லாம் அடங்கிப் போய் ஒற்றை கிட்டார் மட்டும் முணுமுணுக்கும். அது தேய்ந்து தேய்ந்து, பாட்டு முடிந்துவிட்டதோ என்று நினைக்கிற நேரத்தில் டிரம்ஸ் வந்து இறங்கும். எப்போது வரும் என்று எனக்கு அத்துப்படி. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும். அன்றைக்குப் போடவில்லை. டிரம்ஸ் வந்தது, போனது, அவ்வளவுதான். ஹெட்போனில் கோளாறு என்று நினைத்துக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த 'ரீமாஸ்டர்' என்ற சொல் கண்ணில் பட்டது. பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிடுவதற்கு அப்படிப் பெயர். நான் சேர்த்து வைத்திருந்த பழைய பதிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை உட்கார வைத்திருக்கிறார்கள். பழையதைத் தேடினேன். எங்கும் இல்லை.

எந்தப் பாட்டு, யார் வெளியிட்டது என்பதெல்லாம் வேண்டாம். இது ஒருவரோடு தீர்கிற சண்டை இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லிமிட்டர் என்ற ஒலிக்கருவியைப் போட்டு உச்சத்தில் இருக்கும் சத்தங்களைச் சீவிவிட்டு, மீதி அத்தனையையும் மேலே ஏற்றியிருப்பார்கள். முணுமுணுத்த கிட்டார் இப்போது டிரம்ஸுக்குச் சமமாகக் கத்துகிறது. மெல்லியது என்று ஒன்று இருந்தால்தானே பெரியது பெரிதாகத் தெரியும்? 2008இல் மெட்டாலிகா ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் சிடியைவிட நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தார்கள். அது புது ஆல்பம், அதைச் செய்தவர்கள் பாடு. நீங்கள் அதே வேலையை நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் செய்து முடித்த பாடல்களின் மேல் காட்டுகிறீர்கள். இத்தனைக்கும் பெரிய ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. நீங்கள் ஏற்றிய சத்தத்தை அவர்கள் இறக்கிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது சீவப்பட்ட டிரம்ஸ் மட்டும்.

பழைய டேப்பைத் தொடவே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். எழுபது, எண்பதுகளின் டேப்புகள் பலவற்றில் காந்தத் துகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து மெஷினில் ஒட்டிக்கொள்ளும், பாட்டு போய்விடும். அதனால் டேப்பை ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலான சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தி, அது தாங்குகிற அந்தக் கொஞ்ச காலத்துக்குள் பிரதி எடுக்கிறார்கள். அதைச் செய்கிறவர்களுக்கு என் கும்பிடு. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966இல் நான்கு டிராக், அதாவது நான்கு ஒலித்தடங்கள் மட்டுமே உள்ள டேப்பில் பதிவானது. பல வாத்தியங்கள் ஒரே டிராக்கில் பிணைந்து கிடந்தன. இயந்திரக் கற்றலை வைத்து அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து 2022இல் புதிய மிக்ஸ் போட்டார்கள், அதாவது வாத்தியங்களையும் குரல்களையும் புதிய அளவில் கலந்தார்கள். கேட்டேன், ரசித்தேன். ஆனால் அது இன்னொரு மிக்ஸ். 1966இன் மிக்ஸுக்கு அது மாற்று ஆகாது.

'மாற்று' என்று நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு உங்கள் துறையிலேயே கதை இருக்கிறது. ஸீஸீ டாப் குழுவின் 'எலிமினேட்டர்' 1983இல் சக்கைப்போடு போட்டது. அந்த எண்பதுகளின் ஒலி ருசித்துவிட்டதால், 1987இல் அவர்களுடைய எழுபதுகளின் ஆல்பங்களைச் சிடியில் கொண்டுவந்தபோது டிரம்ஸையெல்லாம் அதே பாணிக்கு மாற்றி மிக்ஸ் செய்துவிட்டார்கள். 1973இல் வந்த 'ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்' அதன் சொந்த மிக்ஸோடு சிடியில் வர 2006 ஆயிற்று. நடுவில் அந்தச் சிடியை வாங்கியவர்கள், 1973இல் அந்தக் குழு இப்படித்தான் ஒலித்தது என்று நம்பியிருப்பார்கள். பாவம்.

இதையும் மிஞ்சியது ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் விவகாரம். 1980, 81இல் வந்த அவருடைய முதல் இரண்டு தனி ஆல்பங்களை 2002இல் மறுவெளியீடு செய்தபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, வேறு இருவரை வைத்துப் புதிதாக வாசித்து ஒட்டினார்கள். பழையவர்களோடு வழக்கு இருந்தது, சரி. ஆனால் அந்த ஆல்பங்களில் கிட்டார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டவர். அவர் கிட்டார் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது, கூட நின்று வாசித்தவர்கள் மாறிவிட்டார்கள். இறந்தவரை எழுப்பி முன்பின் தெரியாதவர்களோடு வாசிக்கச் சொன்ன மாதிரி. 2011இல் பழைய வாசிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது ரசிகர்களுக்கு.

மூலம் எது என்பதே சிக்கல், எதைத்தான் வைப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1967இன் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு பீட்டில்ஸ் மெனக்கெட்டது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோ மிக்ஸில். இடது, வலது என்று பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோவை மற்றவர்கள் சீக்கிரமாக முடித்தார்கள். அதில் வரும், வீட்டைவிட்டுப் போகிற பெண்ணைப் பற்றிய பாட்டு மோனோவில் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும். ஸ்டீரியோவில் நிதானமாகப் போகும். வேகம் மாறியதும் சோகத்தின் நிறமே மாறிவிடுகிறது. இரண்டில் எது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2009இல் இரண்டையும் தனித்தனிப் பெட்டியாகப் போட்டார்கள். 2017 ரீமிக்ஸையும் ஆண்டு போட்டுத் தனியாகத்தான் வைத்தார்கள். ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

நான் கேட்பதும் இதைத்தான். புதிய மிக்ஸ் போடுங்கள், பழையதை இறக்காதீர்கள். பதிவான ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு, எந்த டேப்பிலிருந்து யார் செய்தார் என்பதைப் பாட்டோடு எழுதுங்கள். நாங்கள் சேர்த்து வைத்த பட்டியலுக்குள் ராவோடு ராவாக ஆள் மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் 1985 பாட்டு ஒன்று 2022இல் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்ததே, அதைத் தூக்கிவிட்டவர்களில் பலர் அது வந்தபோது பிறந்தேயிருக்க மாட்டார்கள். அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நினைவு கிடையாது. நீங்கள் ஏற்றி வைத்ததுதான் அவர்களுக்குப் பாட்டு.

'அவ்வளவு ஆசை என்றால் பழைய சிடி வாங்கிக் கேள்' என்று ஒரு பதில் வரும் என்று தெரியும். வாங்கிவிட்டேன். அட்டையில் கீறல், உள்ளே சுத்தமாக இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க இப்போது என்னிடம் ஒரு பெட்டி இல்லை, கணினியிலும் சிடி போடும் வசதியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரமாக மேசை மேல்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
பாதிப் பாட்டில் காத்துக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்