நான்காவது முறையாகக் கொடுக்கும் மனு: மான்களிடமிருந்து எங்கள் தோட்டங்களைக் காத்துத் தர வேண்டி

அனுப்புநர்: மொரீஷியஸ் தீவு, ஹென்ரியெட்டா ஊர், அருவிப் பாதையோரச் சிறு தோட்டக்காரர்களுக்காக, அங்கே கிழங்கு பயிரிடும் பெண் ஒருத்தி

பெறுநர்: வட்டார வன அதிகாரி அவர்கள்

பொருள்: சாய்ந்த வேலியைச் செப்பனிடவும், பெருகிவிட்ட மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தை மாதம் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று என்று இதுவரை மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டோம். முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது. மற்ற இரண்டுக்கு அதுவும் இல்லை. எங்கள் ஊரைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். வாக்வா நகரிலிருந்து வரும் பஸ் நின்று திரும்பும் இடத்திலிருந்து அருவிக்கு இறங்கும் பாதையில், கரும்புக்கு முன்னால் இருக்கும் கடைசி வீடு என்னுடையது. எங்கள் குறைகளைக் கீழே பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. வேட்டைக்காகக் குத்தகைக்கு விட்டிருக்கும் காட்டைச் சுற்றியுள்ள கம்பி வேலி, ஓடைக்கரையில் புயலில் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடக்கிறது. மான்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. கரும்பு வளர்ந்து நின்றால் பகலெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. வெட்டிவிட்டால் நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன.

2. வேலிக்கு உள்ளே இருக்கும்வரை மான் அந்தக் காட்டுக் குத்தகைக்காரருடையது. வெளியே வந்து என் தோட்டத்தில் மேய்ந்தால் மட்டும் அது யாருடையதும் இல்லை என்கிறார்கள். அனுமதி இல்லாமல் நாங்கள் அதைத் தொடவும் முடியாது. தகரம் தட்டி விரட்டுகிறோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

3. எனக்கு இருப்பது அரை அர்ப்பான் (ஏறக்குறைய அரை ஏக்கர்) குத்தகை நிலம். கணவர் காலமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. அந்த நிலத்தில் விளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில்தான் எங்கள் வீடு நடக்கிறது. தீபாவளிக்கு இந்தத் தீவில் கிழங்குப் பலகாரம் செய்யாத நம்மவர் வீடு உண்டா? அந்த ஒரு வாரத்துச் சந்தையை நம்பித்தான் சித்திரையில் கொடி நட்டேன். ஆனியில் கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் எட்டுப் பாத்தியிலும் ஓர் இலை இல்லை. வெறும் தண்டுகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. தண்ணீர் ஊற்றி, எரு வைத்து, மறுபடி துளிர்க்க வைத்தேன். ஆடியில் வந்து அதையும் தின்றன. ஆவணியில் மூன்றாம் முறை. இலை இல்லாத கொடிக்குக் கிழங்கு எப்படி ஐயா பெருக்கும்? போன வாரம் ஒரு பாத்தியைத் தோண்டினேன். என் சுண்டுவிரல் பருமனுக்கு, வேரும் அல்லாமல் கிழங்கும் அல்லாமல் ஏதோ வந்தது. கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். விதைக்கொடி வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது. நிலத்தின் குத்தகைப் பணம் தீபாவளி முடிந்ததும் கட்ட வேண்டும். எதை விற்றுக் கட்டுவது?

4. பார்வையிட வந்த ஊழியர் வண்டியை விட்டு இறங்காமலே "குரங்கு வேலை" என்று எழுதிக்கொண்டு போனார். குரங்கு கிழங்கைத் தோண்டித் தின்னும். கொடியை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகாது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் நறுக்காது, பிய்த்து இழுக்கும். என் கொடிகளின் நுனியெல்லாம் நார்நாராகக் கிழிந்திருக்கிறது. பாத்தி நெடுகப் பிளந்த குளம்புத் தடம். வேலியோர முருங்கைக் கன்றில் கொம்பு தேய்த்துப் பட்டையை உரித்துவிட்டிருக்கிறது ஆண் மான். இறங்கி நாலு அடி நடந்திருந்தால் இத்தனையையும் கண்டிருப்பார்.

5. மான்களைக் கொன்று குவியுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வள்ளியைப் பெற்றது மான். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் வீடு எங்களுடையது. இதை எழுதக் கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட இந்த மானுக்கு இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருக்கத்தைத் தடுக்க மனிதனை விட்டால் வேறு எதுவும் இல்லை. வேட்டைப் பருவத்தில் கொம்புள்ள ஆண்களை மட்டும் குறைத்தால் போதாது. ஓர் ஆண் மான் பல பெட்டைகளுக்குப் போதும். கணக்கெடுத்து, தகுந்த ஆட்களைக் கொண்டு, பெட்டைகளையும் அளவாகக் குறைக்க வேண்டும். இது தாங்கள் அறியாததா? பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் கருங்காலி போன்ற கன்றுகளை மானும் காட்டுப்பன்றியும் அழிக்காதிருக்க அரசே வேலி அடைத்திருக்கிறது. நல்ல காரியம், அந்த மரங்கள் பிழைக்கட்டும். கருங்காலிக் கன்றுக்குக் கிடைத்த வேலி எங்களுக்கு ஏன் ஐயா கிடைக்கவில்லை?

6. வேலி. வேலியைத்தான் முதலில் கேட்கிறோம். ஓடைக்கரையில் சாய்ந்து கிடப்பது முப்பது அடி கூட இருக்காது. மூன்று மனுக்கள் எழுதிய நேரத்தில் நாங்களே கட்டியிருப்போம். அடுத்தவர் வேலியைத் தொட்டால் வழக்கு வரும் என்று பயந்து நிற்கிறோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். தயவுசெய்து ஒருமுறை நேரில் வாருங்கள். பகலில் வேண்டாம், பகலில் ஒன்றும் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மேல் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். தேநீர் போட்டுத் தருகிறேன். அவை வரிசையாக ஓடையைத் தாண்டி வருவதைத் தாங்களே பாருங்கள். மறுநாள் காலை அந்த வேலியை நிமிர்த்த ஆள் அனுப்புங்கள். அடுத்த நடவு தொடங்குவதற்குள் அனுப்புங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அருவிப் பாதைக் கடைசி வீட்டுக்காரி

(பக்கத்துத் தோட்டக்காரர்களின் கையெழுத்துகளும், முந்தைய மனுக்களின் நகல்களும், பிய்ந்த கொடி ஒன்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.)