லூயிஸ்–கிளார்க் நாட்குறிப்பு கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நாட்குறிப்பு கேட்டால் கதைப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறீர்களே" என்று போன வாரம் ஒருவர் கடைக்கே வந்து கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். அவருக்குப் போனது 1814-ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சு. எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமல் அனுப்பியது எங்கள் தவறு.

லூயிஸ், கிளார்க் இருவரின் தலைமையில் 1804 மே மாதம் மிசூரி ஆற்றில் படகேறிய அமெரிக்க ஆய்வுக் குழு, பசிபிக் கரை வரை போய் 1806 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகருக்குத் திரும்பியது. வழியில் அவர்கள் எழுதிய ஏடுகள்தான் இந்த நாட்குறிப்பு. புத்தகம் எழுத வேண்டிய லூயிஸ் 1809-இல் இறந்துபோனார். ஏடுகள் பிலடெல்பியாவில் இருந்த நிக்கோலஸ் பிடில் என்பவரிடம் போயின. பயணத்தில் ஓரடிகூட வைக்காதவர் அவர். கிளார்க்கிடம் கேட்டறிந்து, பலர் எழுதியதையும் ஒன்றாகக் கோத்து, கூடவே போய்வந்தவர்போல "நாங்கள்" என்று எழுதிவிட்டார். அதுதான் அந்த 1814 பதிப்பு. படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கிளார்க்கின் குரல் அதில் இல்லை. சூ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தாரின் பெயரையே இருபதுக்கும் மேற்பட்ட விதமாக எழுதிய மனிதர் அவர்! மண்டான் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் எருமைச் சடங்கு பற்றிய பகுதியைப் பிடில் கூச்சப்பட்டு லத்தீனில் போட்டுவிட்டார். செடி, விலங்குகள் பற்றிய குறிப்புகளுக்குத் தனித் தொகுதி என்றார்கள். அதை எழுத ஏற்றிருந்த இயற்கை ஆய்வாளர் பார்ட்டன் 1815-இல் காலமானார், தொகுதி வரவேயில்லை.

ஏட்டில் உள்ளபடியே படிக்க விரும்பினால் 1904–05-இல் த்வெயிட்ஸ் என்ற பதிப்பாசிரியர் கொண்டுவந்த 8 தொகுதிகள் உண்டு. குழுவில் இருந்த சார்ஜென்ட் ஆர்ட்வேயின் ஏடு அதற்குப் பிறகுதான் அகப்பட்டது. கிளார்க்கின் களக்குறிப்புகளோ 1953-இல், செயின்ட் பால் நகரில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தன. இவற்றையும் சேர்த்து கேரி மோல்டன் பதிப்பித்தவை 13 தொகுதிகள் (நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம், 1983–2001). முதல் தொகுதி முழுக்க நிலப்படம். எங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். விலையும் அலமாரி இடமும் உதைத்தால் அவரே சுருக்கிய ஒற்றைத் தொகுதி போதும்.

குழுவில் இருந்த இன்னொருவரான பேட்ரிக் காஸின் 1807 புத்தகத்தையும் சிலர் கேட்கிறார்கள். முந்திக்கொண்டு வந்தது அதுதான். அதையும் பதிப்பாளர் திருத்தி எழுதியிருக்கிறார், காஸின் மூல ஏடு இன்று இல்லை.

இனி ஆர்டர் கொடுக்கும்போது பதிப்பாசிரியர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1814 பதிப்பைத் தெரியாமல் வாங்கியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். பென்சில் கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
கடையிலிருந்து